விட்டுவைத்த வயல்கள்

களைக்கொல்லிகளில் ஒன்றே ஒன்றுதான் இன்னும் வேலை செய்தது. அந்த வருஷம்தான் தையல்நாயகி எருக்கங்காட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் விவசாயிகளைக் கூட்டி, ஐந்து வயலுக்கு ஒரு வயலைக் களைக்கே விட்டுவிட வேண்டும் என்று சொன்னார்.

அது 2058, ஆனி மாதம். தையல்நாயகி களைகளைப் பற்றியே படித்து அதிலேயே பட்டம் வாங்கியவர். வெள்ளாற்றுக்குத் தெற்கே உள்ள மக்காச்சோளக் காடுகள் முழுவதற்கும் எந்த மருந்தை, எப்போது, எவ்வளவு அடிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை வேளாண் துறை அவரிடம் கொடுத்திருந்தது. அவருக்குக் கீழே பத்து அலுவலர்கள் இருந்தார்கள்.

களையின் பெயர் கப்பக்கீரை. எப்போதோ கப்பலில் வந்த தீவனத் தானியத்தோடு கலந்து வந்ததால் அந்தப் பெயர். பார்ப்பதற்கு முள் இல்லாத முள்ளுக்கீரை போல இருக்கும். சோளம் முளைத்து இருபது நாளில் அதை மூடிவிடும். ஒரு மாதத்தில் தண்டு மணிக்கட்டுப் பருமனாகிவிடும். ஒரு செடி லட்சக்கணக்கில் விதை போடும். முதலில் அட்ரசின் என்ற மருந்துக்குச் செத்தது, பிறகு சாகவில்லை. வேறு மருந்து வந்தது. இரண்டு மருந்தைக் கலந்து அடித்தார்கள், பிறகு மூன்றைக் கலந்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு போகத்துக்குத்தான் தாங்கியது. இயந்திரம் வைத்து வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாக வந்தது. கையால் பிடுங்க ஊரில் ஆள் இல்லை. கடைசியாக வந்த மருந்துக்குக் கம்பெனி ஏதோ பெயர் வைத்திருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை, கடைசி மருந்து என்றே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடங்களில் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மைதானத்தில் தையல்நாயகி நிதானமாக விளக்கினார். கப்பக்கீரையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில்தான் மகரந்தம் போகிறது. எந்த மருந்து அடித்தாலும் லட்சத்தில் ஒரு செடி சாகாமல் நிற்கும்.

"சுத்தி இருக்கிற எல்லாத்தையும் கொன்னுட்டோம்னா, சாகாத செடிக்குச் சாகாத செடிதான் ஜோடி. புள்ளைங்களும் சாகாது. பக்கத்துல மருந்தே படாத வயல் ஒண்ணு இருந்துச்சுன்னா, அங்கேருந்து வர்ற மகரந்தம் சாகிற குணத்தைக் கொண்டாந்து கலக்கும். அடுத்த வருஷம் மருந்துக்குக் கட்டுப்படும். அந்த வயல்ல மருந்தும் அடிக்கக் கூடாது, களையும் பிடுங்கக் கூடாது. உழுது, தண்ணி விட்டு, களையை நல்லா பூக்க விடணும். ஆறு வருஷம் இப்படி இருந்தா இந்த மருந்து நம்ம காலம் முழுக்க நிக்கும்."

மற்ற நாலு பேர் தங்கள் விளைச்சலிலிருந்து ஐந்தாவது ஆளுக்குச் சோளம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வையாபுரி என்பவர் எழுந்தார். ஐம்பது வயது, ஒல்லியான ஆள், ஊருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் கரிசல் வைத்திருந்தார்.

"அந்த அஞ்சாவது ஆளு யாருன்னு யாருங்க முடிவு பண்றது?"

"காத்து முடிவு பண்ணும்" என்றார் தையல்நாயகி.

அது முழு உண்மையில்லை. காற்றின் போக்கை அளந்து வயல்களைக் குறித்தவர் அவர்தான். ஆவணியில் விதைத்து, புரட்டாசியில் களை பூக்கும்போது தென்மேற்கிலிருந்து காற்று வரும். அந்தக் காற்று வையாபுரியின் வயலைக் கடந்துதான் நாலைந்து பெரிய காடுகளுக்குப் போனது. குறிக்கும்போது வையாபுரியின் பெயர் தையல்நாயகிக்குத் தெரிந்திருக்கவில்லை, சர்வே எண் மட்டும்தான் தெரியும். மொத்தம் அறுபத்திரண்டு வயல்கள். விட்டுவைப்பு வயல்கள் என்று கோப்பில் எழுதினார்.

முதல் வருஷம் ஊரில் ஒரு பெருமை இருந்தது. மருதை என்பவர் வையாபுரிக்குக் கிழக்கே பக்கத்து வயல்காரர். அவரே வண்டியில் சோளத்தைக் கொண்டுவந்து வையாபுரி வீட்டு வாசலில் இறக்கி, ஒங்க புண்ணியத்துலதான் எங்க காடு விளையுது என்று சொல்லிவிட்டுப் போனார். வையாபுரியின் மனைவி பவளக்கொடி அவருக்கு மோர் கொடுத்தாள்.

இரண்டாம் வருஷம் மருதை வரவில்லை, மூட்டை வந்தது. மூன்றாம் வருஷம் மூட்டைக்கு ஆள் அனுப்பிக் கேட்க வேண்டியிருந்தது. விட்டுவைப்பு வயல்காரர்களுக்குக் களைவீட்டுக்காரர்கள் என்று பெயர் வந்துவிட்டது. மருதை வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பவளக்கொடி நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். மருதையின் மனைவி வாசலிலேயே நிறுத்தி, தப்பா நெனைக்காதக்கா, முந்தானைய ஒரு உதறு உதறிட்டு வா, விதை ஒட்டியிருக்கும், எங்க களத்துல விழுந்திடப்போவுது என்றாள். பவளக்கொடி உதறினாள். உள்ளே போய் மொய் எழுதினாள், சாப்பிட்டாள், வந்தாள். அதற்குப் பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் அவள் போகவில்லை. அவர்கள் மகளுக்குத் துறையூர்ப் பக்கம் பார்த்திருந்த இடமும், நாலு பேர் போடுகிற சோளத்தில் சாப்பிடுகிற குடும்பம் என்று சொல்லித் தட்டிப்போனது.

வையாபுரி காலையில் போய் மோட்டார் போடுவார். கப்பக்கீரைக்குத் தண்ணீர் பாயும். வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார். வயல் காயும் நாட்களில் தண்ணீர் கட்டும் முறையைக்கூட அலுவலர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தன் ஆயுசில் எந்தப் பயிரும் இவ்வளவு செழிப்பாக வந்ததில்லை என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். அவள் சிரிப்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

நான்காம் வருஷம் புரட்டாசி முதல் வாரம், தையல்நாயகி வருடாந்தரப் பார்வைக்கு எருக்கங்காடு வந்தார். வழக்கமாக ஜீப்பிலிருந்தே தெரியும் பச்சைச் சுவர் தெரியவில்லை. இறங்கி நடந்தார். வையாபுரியின் வயலில் பாதிக்கு மேல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வரப்பு நெடுக அம்பாரமாக வாடிக்கிடந்தன. வையாபுரியும் பவளக்கொடியும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் பவளக்கொடி நிமிர்ந்து, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வையாபுரியின் உள்ளங்கைகள் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"எத்தனை நாளா?" என்று தையல்நாயகி கேட்டார்.

"இன்னையோட ஒம்பது நாளுங்க."

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

வையாபுரி யோசித்தார். மருதையைப் பற்றியோ மகள் கல்யாணத்தைப் பற்றியோ சொல்வார் என்று தையல்நாயகி எதிர்பார்த்தார்.

"மண்ணப் பாக்கணும்போல இருந்துச்சுங்க மேடம். நாலு வருஷமா இந்த மண்ணு என்ன நெறமுன்னே பாக்கல."

விதிப்படி இதை எழுதினால் குடும்பத்துக்கு வரும் சோளம் நின்றுபோகும், நிலத்தைத் துறை எடுத்துக்கொள்ளும். தையல்நாயகி மண்ணைப் பார்த்தார். ஒன்பது நாளில் இரண்டு பேர் இவ்வளவு பிடுங்கியிருக்கிறார்கள் என்பதே அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. அறுபத்திரண்டில் மூன்று வயல் பூக்காமல் போனாலும் திட்டம் தாங்கும் என்று அவர் கணித்திருந்தார். அலுவலர்களுக்கான பயிற்சியில் அவரே அதைச் சொல்லியும் இருந்தார். மூன்றில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டார்.

"மிச்சத்தை என்ன பண்றதுங்க?" என்று பவளக்கொடி மெல்லக் கேட்டாள்.

தையல்நாயகி திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார். வண்டி கிளம்பும்போது, அவர்கள் மறுபடி குனிவது கண்ணாடியில் தெரிந்தது. அன்று மாலை பதிவேட்டில், மழைநீர் தேங்கிச் செடிகள் அழுகிவிட்டன என்று எழுதினார். வேலைக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. எழுதிய பிறகு மனம் லேசானதுபோல் இருந்தது. அதுதான் அவருக்கு ஆச்சரியம்.

ஆறாவது வருஷம், திட்டம் முடிய ஒரு போகம்தான் இருந்தது. அவருடைய அலுவலர்களில் ஒருவரான ஹக்கீம், மருதையின் வயலிலிருந்து கூப்பிட்டார். மருந்து அடித்துப் பத்து நாளாகியும் நூற்றுக்கணக்கான செடிகள் ஒரு இலைகூடக் கருகாமல் நிற்கின்றன என்றார். தையல்நாயகி அளவு குறைந்திருக்கும் என்றார். ஹக்கீம், நானே கூட நின்று அடித்தேன் என்றார். இலைகளைச் சோதித்தார்கள். சந்தேகமே இல்லை. பதினைந்து நாளில் இன்னும் முப்பது காடுகளிலிருந்து அதே செய்தி வந்தது. சாகாத செடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்திருந்தன. கலக்க வேண்டிய மகரந்தம் போய்ச் சேரவில்லை.

இணை இயக்குநர் பதினொரு பேரையும் உட்கார வைத்து, யார் மீதும் நடவடிக்கை இல்லை, பதிவேட்டில் இருப்பதை விடுங்கள், எந்தெந்த வயல் உண்மையில் பூக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். தையல்நாயகி வாயைத் திறக்கும் முன்பே ஹக்கீம் எழுந்தார்.

"என் பக்கம் ஒண்ணு சார். புருஷன் இல்லாத அம்மா. கைப்பிள்ளையோட ஒண்டியா இருந்தாங்க. களைவீடுன்னு தண்ணிகூட எடுக்க விடல. பயிர் வெச்சுக்கோங்கன்னு விட்டுட்டேன். மூணு வரைக்கும் தாங்கும்னு மேடம் சொல்லியிருந்தாங்க. அதுல ஒண்ணுன்னு நெனச்சேன்."

அடுத்தவர் எழுந்தார். அவர் பக்கமும் ஒன்று. நெஞ்சு ஆபரேஷன் முடிந்த ஒரு மனிதர், வீட்டு ஜன்னலைத் திறந்தால் களைதான் தெரிகிறது என்று அழுதாராம். அடுத்தவர் பக்கம் இரண்டு. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரும் எதுவும் வாங்கிக்கொண்டு செய்யவில்லை. யாரும் இன்னொருவரிடம் சொல்லவும் இல்லை. கடைசியாகத் தையல்நாயகி தன்னுடையதைச் சொன்னார். மொத்தம் பதினான்கு வயல்கள். வரைபடத்தில் அவற்றை அழித்துப் பார்த்தபோது, தென்மேற்கிலிருந்து வடகிழக்கு வரை ஒரு அகலமான பாதை வெறுமையாகக் கிடந்தது.

மறுநாளிலிருந்து வெள்ளாற்றுக்குத் தெற்கே கடைசி மருந்து நிறுத்தப்பட்டது. இனி இங்கே அடிப்பதில் அர்த்தமில்லை. ஆற்றுக்கு வடக்கே வேறொரு அலுவலகத்தின் கீழ் இதே திட்டம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அங்கே விட்டுவைப்பு வயல்கள் நிற்கும்வரை, தெற்கேயிருந்து பறந்து போகிற மகரந்தமும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். மருந்து அங்கேயாவது பிழைக்கும். தையல்நாயகி அதை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வாரத்தைக் கடத்தினார்.

எருக்கங்காட்டுக்கு அவரேதான் போய்ச் சொன்னார். ஊர்க்கூட்டம் முடிந்த பிறகு வையாபுரியின் வயலுக்கு நடந்தார். வையாபுரி, பவளக்கொடி, மருதை மூவரும் பாதையோர வரப்பில் நின்றிருந்தார்கள். மருதையின் காட்டில் சோளம் தெரியவில்லை. இரண்டு வயலுக்கும் நடுவில் வரப்பு எங்கே என்றுகூடச் சட்டென்று சொல்ல முடியவில்லை. வையாபுரி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று பவளக்கொடி தனியாகச் சொல்லியிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணுங்க மேடம்" என்றார் வையாபுரி. "அன்னைக்கு நான் பிடுங்காம இருந்திருந்தா, மருந்து இன்னும் வேலை செஞ்சிருக்குமா?"

மருதை திரும்பிப் பார்த்தார். அந்த வருஷம் செடிகள் தண்ணீர் தேங்கி அழுகின என்றுதான் அவரும் நம்பியிருந்தார். பிடுங்கிய விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிகிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. வையாபுரியின் கண்கள் தையல்நாயகியின் முகத்தைவிட்டு அகலவில்லை. அந்தப் பதினான்கில் ஒன்று நீங்கள் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் மட்டுமில்லை, நானும்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு இந்த மனிதர் இந்த ஊரில் எப்படி இருப்பார் என்று நினைத்தார்.

"இல்லீங்க" என்றார். "உங்களால ஒண்ணுமே இல்ல. திட்டமே தப்பு. நான் போட்ட கணக்கு தப்பு. களையை விட்டு வெச்சாலும் பிடுங்கினாலும் இதேதான் ஆகியிருக்கும்."

வையாபுரி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. பவளக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அழுகை அடங்கிய பிறகு அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மருதை தன் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ ஆறு வருஷமா சும்மாதான் மூட்டை போட்டோமா?" என்று கடைசியில் கேட்டார்.

ஆமாம் என்று தையல்நாயகி சொல்ல வேண்டியிருந்தது.

ஆற்றுக்கு வடக்கே தொண்டங்குறிச்சி என்ற ஊரில் மருதையின் தங்கையைக் கொடுத்திருந்தார்கள். தங்கை புருஷனும் ஆறு வருஷமாக ஒரு விட்டுவைப்பு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். மருதை அன்று மாலையே தங்கையைப் போனில் கூப்பிட்டு, திட்டம் போட்ட அம்மாவே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க, என் காது கேக்கச் சொன்னாங்க, எதுக்கு இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கை குடும்பமாவது இந்தப் போகத்தில் ஏதாவது விதைத்துப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னார்.

நாலாம் நாள் வடக்கு அலுவலகத்திலிருந்து தையல்நாயகிக்குப் போன் வந்தது. தொண்டங்குறிச்சியில் தொடங்கிப் பதினெட்டு ஊர்களில் விட்டுவைப்பு வயல்களைப் பிடுங்குகிறார்கள், நாங்கள் சொன்னால் கேட்கவில்லை, நீங்கள் ஏதோ சொன்னீர்களாமே என்றார்கள்.

அவர் உடனே கிளம்பினார். தொண்டங்குறிச்சி பஞ்சாயத்துக் கட்டடத்தில் எழுபது எண்பது பேர் கூடியிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் கைகளில் துணி சுற்றிக்கொண்டு, பிடுங்குவதை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். தையல்நாயகி நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். திட்டம் சரியானதுதான், தெற்கே அதைக் காப்பாற்றாமல் விட்டது நாங்கள்தான், எருக்கங்காட்டில் நான் சொன்னது பொய், இன்னும் ஒரு போகம் பொறுத்தால் போதும் என்று கெஞ்சினார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள். "ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"அந்த மனுஷன் மனசு ஒடைஞ்சிடக் கூடாதுன்னு சொன்னேன்."

கூட்டத்தில் யாரும் கோபப்படவில்லை. மருதையின் தங்கை புருஷன் எழுந்தார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு.

"நீங்க நல்லவங்க மேடம். அது பாத்தாலே தெரியுது. அன்னைக்கு அவரு மனசு நோகக் கூடாதுன்னு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு எங்க ஆறு வருஷப் பாடு வீணாப் போச்சேன்னு நாங்க நோகக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க. புரியுதுங்க."

தையல்நாயகி காகிதங்களை எடுத்துக் காட்டினார். மரியாதைக்காகச் சிலர் வாங்கிப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி அவரை நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிவர ஆள் அனுப்பினாள். டீ வருவதற்குள் பாதிப் பேர் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

பிற்பகலில் அவர் வெளியே வந்தபோது, சாலை ஓரத்து வயல் முழுவதும் பிடுங்கி முடிந்திருந்தது. அடுத்த வயலில் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கடுத்ததிலும் ஆட்கள் தெரிந்தார்கள். கேள்வி கேட்ட அதே பெண் அவரைக் கண்டதும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். வயலின் நடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆளுயரத்துக்கு ஒரே ஒரு கப்பக்கீரைச் செடி, அடியில் மண் அணைத்து, சுற்றி ஒரு சின்னப் பாத்தியும் கட்டி, விடப்பட்டிருந்தது.

"இவ்வளவு தூரம் வந்து கெஞ்சினீங்க" என்றாள். "எங்களுக்கும் சங்கடமா இருந்துச்சு. ஒங்களுக்காக ஒண்ணை விட்டு வெச்சோம். இதை யாரும் தொட மாட்டோம்மா. நான் பாத்துக்கிறேன்."

தையல்நாயகி அவளுக்கு நன்றி சொன்னார். கதிரை விரலால் விலக்கிப் பார்த்தார். பெண் செடி. பூத்து நின்றது. அந்த வயலில் அதற்கு ஜோடியாக ஒரு ஆண் செடியும் மிச்சமில்லை, பொழுது சாய்வதற்குள் அடுத்த வயல்களிலும் இருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூத்து நிற்கிற சாகாத செடிகளைக் கடந்து, தென்மேற்கிலிருந்து, காற்று வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் குடத்தைச் சாய்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.